மொரிஸ் ஹெட்டை அறுத்த நாள்

கலீலுர் றஹ்மானின் கோபம் ஒரு பத்திரிகைத் துண்டில் தொடங்கியது. 1966ஆம் ஆண்டு, ஏப்ரல் கடைசிக் கிழமை. காலையில் கராஜுக்கு வந்து சாப்பாட்டுப் பையை ஆணியில் கொழுவப் போகிறான், முதலாளி சின்னராசாவின் மேசைக்குப் பின்னால் சுவரில் அந்தத் துண்டு ஒட்டியிருக்கிறது. பசை இன்னும் காயவில்லை. நுவரெலியாவில் நடந்த மலையேற்றக் கார்ப் போட்டியில் சோமசேகரத்தின் மொரிஸ் மைனர் தன் வகுப்பில் முதலாவதாக வந்துவிட்டதாம். சோமசேகரம் திருகோணமலைத் துறைமுகத்தில் தேயிலை ஏற்றும் கொம்பனியொன்றின் மனேஜர். படத்தில் கழுத்து நிறைய மாலையோடு பொனற்றில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். படத்துக்குக் கீழே நாலு வரி. வெற்றிக்குக் காரணம் இங்கிலாந்திலிருந்து விசேடமாகத் தருவிக்கப்பட்ட சிலிண்டர் ஹெட்தான் என்று திரு. சோமசேகரம் தெரிவித்ததாக நாலாவது வரி சொன்னது.

றஹ்மான் அதை இரண்டு தரம் வாசித்தான். மூன்றாம் தரம் தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டான். எஞ்சினின் மேல்மூடியான அந்த ஹெட் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டது உண்மைதான். எல்லா மொரிஸ் ஹெட்டும் அங்கேதான் வார்க்கிறார்கள். அதற்குள் இருந்த வேலை, இதே கராஜில், இதே வைஸ் இடுக்கியில் பூட்டி, பதினாறு நாள் குனிந்து நின்று அவன் செய்த வேலை.

எஞ்சினுக்குள் பெற்றோல் எரிந்து முடிந்ததும் அந்தப் புகை வெளியே போக ஹெட்டுக்குள் ஒரு வழி உண்டு. கராஜ்க்காரர் அதைப் போர்ட் என்பார்கள். புகை இலகுவாக வெளியேறினால்தான் அடுத்த மூச்சுக் காற்று நிறைய உள்ளே வரும், எஞ்சின் துள்ளும். மொரிஸில் புகைக்கு மூன்று போர்ட். நடுவில் உள்ளது இரண்டு சிலிண்டருக்குப் பொது. வார்க்கிறவர்கள் அதன் உள்வளைவில் ஒரு மேட்டையும் ஒரு மூலையையும் அப்படியே விட்டுவிடுவார்கள். புகை அதில் முட்டிச் சுழன்று திரும்பும். அந்த மேட்டை அரத்தால் எடுத்து, மூலையை உருட்டி, வால்வுக்குக் கீழே மனிதத் தொண்டைபோல வளைத்துவிட்டால் அதே எஞ்சின் வேறு எஞ்சின். கேட்கச் சுகமான வேலைதான். ஆனால் அந்த இரும்புக்கு மற்றப் பக்கத்தில் எஞ்சினைக் குளிராக்குகிற தண்ணீர் நிற்கிறது. ஓரிடத்தில் கால் அங்குலக் கனம் இருக்கும், விரற்கடை தள்ளி அதில் பாதியும் இராது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே இரும்பு.

றஹ்மானுக்கு எது எங்கே மெலிசு என்று தெரியும், ஏனென்றால் அவன் அறுத்துப் பார்த்தவன். பதினெட்டு வயதில் கடற்படை டொக்யாட்டில் இயந்திரம் பொருத்துகிற பிற்றராகச் சேர்ந்து, ஐம்பத்தேழில் வெள்ளைக்காரக் கடற்படை மூட்டை கட்டிக்கொண்டு போனபோது வேலை இழந்து, கிண்ணியா வயல்களில் தண்ணீர்ப் பம்பு திருத்திக்கொண்டு திரிந்து, கடைசியில் சின்னராசாவிடம் வந்தான். கராஜ் பின்பக்க இரும்புக் குவியலில் வெடித்துப்போன மொரிஸ் ஹெட் ஒன்று கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில், இரும்பறுக்கும் கைவாளால், றாத்தல் பாண் ரொட்டியை வெட்டுகிறமாதிரி அதை ஒன்பது துண்டாக அறுத்தான். இரண்டு மாதம் எடுத்தது. மற்ற வேலையாட்கள் பகிடி பண்ணினார்கள். அவன் ஒவ்வொரு துண்டிலும் சுவரின் கனத்தை அளந்து ஒரு கொப்பியில் படம் கீறி வைத்தான். போர்ட்டின் கூரையில் இரும்பு தாராளமாக இருந்தது, அடித்தளத்தில் இல்லை. கூரையைத் தொடலாம், அடித்தளத்தைத் தொடவே கூடாது. அவன் கண்டுபிடித்தது அவ்வளவுதான். அதற்காகத்தான் அத்தனை மத்தியானம்.

பத்திரிகைத் துண்டைக் காட்டிக் கேட்டபோது சின்னராசா சிரித்தார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல ஏலாது. பிரேக், கியர்ப்பெட்டி வேலைகளில் நல்ல கைகாரர், வேலையாட்களோடு ஒரே வாளியில் கை கழுவுகிறவர். கப்பலில் வந்தது என்றால்தான் சனம் நம்பும், சோமசேகரம் தன்னுடைய ஆட்களுக்கு நடுவில் திருகோணமலைக் கராஜ் ஒன்றின் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டிருப்பார், அதை விடு என்றார். இரண்டு நாள் கழித்துச் சோமசேகரமே வந்தார். றஹ்மானின் தோளில் தட்டி, பெரிய பிஸ்கட் ரின் ஒன்றைக் கையில் கொடுத்தார். பத்திரிகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. றஹ்மான் அதைக் கிண்ணியாவுக்குக் கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்கு மேல் வைத்தான். மனைவி ஜெஸீமா எடுத்துத் திறந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். இவர் கோபித்தால் பிஸ்கட் என்ன செய்யும் என்று கேட்டாள். அவன் அதில் ஒன்றைத் தொடவில்லை.

அதோடு முடிந்திருந்தால் கோபம் ஆறியிருக்கும். அடுத்த வருடம் கொழும்பிலிருந்து ரயிலில் ஹெட்டுகள் வரத் தொடங்கின. சோமசேகரத்துக்குப் போட்ட அந்த இங்கிலாந்து வேலை எங்களுக்கும் வேண்டும் என்று கடிதமும் கூடவே. பழைய ஹெட்டை இங்கிலாந்துக்கு அனுப்பி, வேலை முடித்துக் கப்பலில் திரும்ப எடுப்பதாகச் சின்னராசா பதில் எழுதினார். கப்பல் போய் வருகிற காலத்துக்கு ஹெட் பின்னறையில் கிடக்கும். றஹ்மான் ஒவ்வொன்றாக எடுத்து அறுத்து, உருட்டி, எமரித் துணியைக் குச்சியில் சுற்றி மினுக்கி வைப்பான். ஒன்பதாவது ஹெட் முடிந்த அன்று சின்னராசா ஒரு சின்ன மரப்பெட்டியைக் கொண்டுவந்து அவன் முன்னால் திறந்தார். உள்ளே ஆங்கில எழுத்து அச்சுகள். சுத்தியலால் அடித்தால் இரும்பில் எழுத்து விழும். ஒரு தாளில் இங்கிலாந்துக் கொம்பனிப் பெயர் ஒன்றை எழுதியிருந்தார்.

“இதைப் பக்கத்தில அடிச்சு விடு. நேரா விழோணும். என்ர கை நடுங்கும்.”

றஹ்மான் தாளைப் பார்த்தான். காது இரண்டும் சுட்டன.

“முதலாளி, இது என்ட வேலை. நான் பெத்த பிள்ளைக்கு நானே இன்னொருத்தன்ட பேரை வைக்கோணுமோ?”

“பேரில என்ன கிடக்கு? நீ செய்யிறாய், ஓடுது. உனக்கும் எனக்கும் தெரியும்தானே.”

“அப்பிடியெண்டா என்ட பேரை அடிப்பம்.”

சின்னராசா பெட்டியை மூடினார். பிறகு அவரே அடித்தார். எழுத்துகள் கொஞ்சம் சரிந்துதான் விழுந்தன. அன்றிலிருந்து றஹ்மான் ஹெட்டைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டான். கியர்ப்பெட்டி தாருங்கள், பிரேக் தாருங்கள், லொறிக்குக் கீழே படுக்கிறேன், அது மட்டும் ஏலாது. சின்னராசா இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள், யாருக்கும் தெரியாத மந்திரமா இது, நானே செய்கிறேன் என்றார்.

அந்த நேரம் பார்த்துச் சோமசேகரம் தன்னுடைய மொரிஸுக்கு இன்னொரு ஹெட் கொண்டுவந்தார். முதல் ஹெட்டைவிட இன்னும் பெரிதாகத் திறக்க வேண்டும், அடுத்த ஏப்ரலுக்கு இன்னும் வேகம் வேண்டும். சின்னராசா மின்சாரத் துளைகருவியில் சாணைக்கல் ஒன்றைப் பூட்டிக்கொண்டு இறங்கினார். கராஜ் முழுக்க அந்தக் கீச்சுச் சத்தம். றஹ்மான் இரண்டு நாளும் ஒரு லொறிக்குக் கீழே கிடந்து அதைக் கேட்டான். பல் கூசியது.

இரண்டாம் நாள் பின்னேரம் கை கழுவப் போகும்போது அந்த ஹெட் வைஸில் இருந்தது. மேற்குப் பக்கக் கதவால் வெயில் நேராக நடுப் போர்ட்டுக்குள் விழுந்தது. போர்ட் அகலமாக, பார்க்கிறவன் வாயைப் பிளக்கிறமாதிரித் திறந்திருந்தது. அடித்தளத்தில், தொடவே கூடாத அந்த இடத்தில், கல் பட்ட புது இரும்பு வெள்ளி மாதிரி மினுங்கியது. றஹ்மானின் கால் நின்றுவிட்டது. எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று அவன் அளக்கத் தேவையில்லை. கொப்பிப் படம் கண்ணுக்குள் வந்து நின்றது. சொல்ல வாய் திறந்தான்.

சின்னராசா அவனைக் கண்டு தலையை நிமிர்த்தினார். முகமெல்லாம் இரும்புத்தூள். “பாத்தியோ றஹ்மான்,” என்றார். “உனக்குப் பதினாறு நாள். எனக்கு ரெண்டு நாள்.”

றஹ்மான் திறந்த வாயை மூடினான். உடையட்டும் என்று நினைத்தான். நுவரெலியாவில் எல்லோரும் பார்த்திருக்க, பாதி மலையில் வெள்ளைப் புகை கக்கி நிற்கட்டும். அப்போது விளங்கும் யாருடைய கை என்று. போய்ச் சவுக்காரம் போட்டுக் கை கழுவினான், முழங்கை வரைக்கும், தோல் சிவக்கச் சிவக்கக் கழுவினான். பஸ் ஏறிக் கிண்ணியாத் துறைக்குப் போய்விட்டான்.

நுவரெலியா வரைக்கும் அந்த ஹெட் போகவில்லை. புதிதாகப் பூட்டிய எஞ்சினைக் கொஞ்சத் தூரம் ஓட்டிப் பழக்க வேண்டும் என்று சோமசேகரம் கொம்பனிச் சாரதி ஒருவனைப் பிடித்துக் கந்தளாய் வரை ஓட்டிவரச் சொன்னார். சாரதியின் பெயர் முஹம்மது தம்பி. கிண்ணியாவில் றஹ்மானின் வீட்டுக்கு நாலு வேலி தள்ளி இருக்கிறவன், மூன்று பிள்ளைகளின் தகப்பன். போகும்போது கார் பறந்ததாம். திரும்பி வரும்போது, தம்பலகாமத்துக்கு இந்தப் பக்கம், நேர் வீதியில், போர்ட்டின் அடித்தளம் வெடித்தது. தண்ணீர் முழுக்கப் புகைக்குழாயால் ஆவியாகப் போனது முன்னால் இருந்தவனுக்குத் தெரியவில்லை. காய்ந்த எஞ்சின் அப்படியே இறுகிப் பிடித்தது. பின்சில்லு இரண்டும் சுழலாமல் நின்றன. கார் குறுக்கே திரும்பி மதகுக் கட்டில் அடித்தது. முஹம்மது தம்பியின் இடது முழங்கால் நொறுங்கிப்போனது.

பொலிஸ் வந்து சின்னராசாவிடம் வாக்குமூலம் எடுத்தது. ஹெட் வேலை செய்தது யார் என்று கேட்டார்கள். என்னுடைய கராஜில் ஹெட் வேலை தெரிந்தவர் கலீலுர் றஹ்மான் என்று அவர் சொன்னார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பொய் இல்லை. சோமசேகரமும் அதையே சொன்னார். முதல் தடவையாக அவருடைய வாயில் அந்தப் பெயர் வந்தது. பின்னேரத்துக்குள் துறைமுகக் கேற்றிலிருந்து மீன் சந்தை வரை கதை பரவியது. ஓடினபோது இங்கிலாந்து, உடைந்தபோது கிண்ணியாக் கலீல்.

விபத்தை அறிந்திருந்த றஹ்மானுக்கு, தன் பெயர் அடிபடுவதைக் கராஜில் ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை கிண்ணியாத் துறையில், ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கிற, ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறி, சைக்கிள்களுக்கு நடுவே நிற்கும்போதுதான் தெரிந்தது. முஹம்மது தம்பியின் தாய் ஆமினா உம்மா ஆஸ்பத்திரிக்குச் சாப்பாட்டுக் கரியரோடு ஏறினார். தாய்வழியில் சொந்தம், அவன் சாச்சி என்று கூப்பிடுகிறவர். அவன் சலாம் சொன்னான். அவர் பதில் சொல்லவில்லை. பாதை நடுத் தண்ணீருக்கு வந்த பிறகு, சத்தம் போடாமல், பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னார்.

“என்ட புள்ளைட கால உன்ட கைதான் ஒடச்சிருக்கு, கலீல். நீயும் மூணு புள்ளைக்கு வாப்பா.”

அவன் இல்லையென்று சொல்ல வாயெடுத்தான். முப்பது பேர் அவனையே பார்த்தார்கள். நடுத் தண்ணீரில் இறங்கிப் போகவும் வழியில்லை. உடம்பு முழுக்க நெருப்பாக எரிந்தது. அவர்மேல் கோபமில்லை, அந்தக் கிழவியை அவனுக்கு எதிரே நிறுத்தியவர்கள்மேல். அக்கரை வந்ததும் எல்லோருக்கும் முன்னால் இறங்கி, பஸ்ஸுக்கு நில்லாமல், நகரத்துப் பக்கம் நடக்கத் தொடங்கினான். பின்னால் வந்த லொறியொன்று அவனை ஏற்றியது. 

கராஜுக்குப் போகவில்லை. நேராகச் சோமசேகரத்தின் கொம்பனிக் கந்தோருக்குப் போய்ப் படியேறினான். அந்தப் படியில் அவன் ஏறியது அதுதான் முதல் தடவை. வெளியில் இரு என்ற பியோனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். உடைந்த கார் கராஜ் பின்பக்கத்தில் கிடக்கிறது, அந்த ஹெட்டைக் கழற்றி அறுக்க உத்தரவு வேண்டும் என்றான். சோமசேகரம் தயங்கினார். பொலிஸ் பார்த்தாகிவிட்டது, இனி எதற்கு என்றார். கொம்பனிச் சாரதியைக் கந்தோர் நேரத்தில் சொந்தக் காருக்குப் பாவித்தது மேலிடத்துக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் அவருக்கு. விபத்துக்குக் காரணம் சாரதியின் வேகம் என்று ஏற்கனவே அறிக்கை எழுதியிருந்தார். மேசையில் கிடந்த அந்தத் தாளை றஹ்மான் தலைகீழாகவே வாசித்துவிட்டான்.

“ஞாயிற்றுக்கிழமை அறுக்கிறன் சேர்,” என்றான். “நீங்க வந்தாலும் அறுப்பன், வராட்டியும் அறுப்பன். வராட்டி, அரசாங்கக் கச்சேரிக்கு முன்னால ரோட்டில வச்சு அறுப்பன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் ஆமினா உம்மாவின் வீட்டு வாசலில் போய் நின்றான். வர மாட்டேன் என்றார். உங்கட மகனை வேகமாக ஓட்டினவன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், வேலையும் போகப்போகிறது, வந்து கண்ணால் பாருங்கள் என்றான். அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். 

கராஜ் முற்றத்தில் வேப்பமரத்துக்குக் கீழே ஒரு கதிரை போட்டு அவரை இருத்தினான். சோமசேகரம் வந்து தன்னுடைய இன்னொரு காரில் சாய்ந்துகொண்டு நின்றார். சின்னராசா மேசையை விட்டு வெளியே வரவில்லை. றஹ்மான் உள்ளே போய், வாருங்கள் முதலாளி, நீங்கள் இல்லாமல் ஏலாது என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். அந்தப் பிடியில் அவருடைய மணிக்கூட்டுப் பட்டி அறுந்து விழுந்தது. ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை.

ஹெட்டை வைஸில் பூட்டி, நடுப் போர்ட்டுக்குக் குறுக்கே சோக்கால் கோடு போட்டு, வாளை வைத்தான். வார்ப்பிரும்பு இலேசில் அறுபடாது. கறுப்புத் தூள் கொட்டிக்கொண்டே இருந்தது. முதல் வாளலகு கால் மணித்தியாலத்தில் முறிந்தது. அடுத்ததைப் பூட்டினான். சோமசேகரம் ஒரு சிகரெட் முடித்து இன்னொன்றைப் பற்றவைத்தார். எண்ணெய் விட்டு அறுக்கலாமே என்று சின்னராசா மெல்லச் சொன்னார். வார்ப்பிரும்புக்கு எண்ணெய் விடுவதில்லை என்று அவருக்குத் தெரியும்; ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. றஹ்மான் நிமிரவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் அவனுக்கு ஒவ்வொன்று ஞாபகம் வந்தது. மாலை போட்ட படம், தோளில் விழுந்த தட்டு, சரிந்து விழுந்த எழுத்துகள், பாதையில் நின்ற முப்பது முகம். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து வாள்பிடி வழுக்கியது. உடுத்திருந்த சாரத்து நுனியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு அறுத்தான். மூன்றாவது அலகும் முறிந்தது. நாலாவது அலகில், வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரம், ஹெட் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி மண்ணில் விழுந்தது.

அதைத் தூக்கி ஆமினா உம்மாவின் மடிக்கு முன்னால் பெட்டியொன்றின்மேல் வைத்தான். போர்ட்டின் அடித்தளம் பத்திரிகைத்தாள் கனம் இருந்தது. அதில் ஒரு வெடிப்பு, விளிம்பில் சிவப்புத் துரு. தான் முன்பு ஒன்பதாக அறுத்த ஹெட்டின் அதே இடத்துத் துண்டைச் சாக்கிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தான். படிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. பப்பாசித் தோலையும் பலாத் தோலையும் பக்கத்தில் வைத்தமாதிரி இருந்தது.

“நான் கூரையைத்தான் எடுப்பன். அடியில என்ட அரம் பட்டதே இல்லை,” என்று ஆமினா உம்மாவுக்குச் சொன்னான். பிறகு சின்னராசாவின் பக்கம் திரும்பினான். “இதை வெட்டினது ஆரெண்டு நீங்களே சொல்லுங்க.”

சின்னராசா சோமசேகரத்தைப் பார்த்தார். பிறகு மண்ணைப் பார்த்தார். “நான்தான் வெட்டினனான்,” என்றார். “தண்ணி அவ்வளவு கிட்ட நிக்குதெண்டு எனக்குத் தெரியாது அம்மா.”

சோமசேகரம் சிகரெட்டைக் கீழே போட்டார். இது றஹ்மானின் வேலை என்றுதான் தானும் நினைத்ததாகச் சொன்னார்.

“அப்ப இங்கிலாந்து?” என்றான் றஹ்மான். “ரெண்டு வருசமா இங்கிலாந்து எண்டீங்களே சேர். கால் உடைஞ்ச அண்டைக்குத்தானோ என்ட பேர் ஞாபகம் வந்தது? அந்தப் பேப்பர்காரனுக்கு ஒரு வரி சொல்ல உங்களுக்கு வாய் வரேல்ல. பொலிஸ்காரனுக்குச் சொல்ல வந்திட்டுது.” அவனுடைய குரல் உயரவே இல்லை. வீதியால் போனவர்கள் இருவர் நின்று பார்த்தார்கள். “உங்கட சாரதி வேகமா ஓட்டினானெண்டு எழுதி வச்சிருக்கிறீங்க. அதைக் கிழிச்சுப்போட்டு இதை எழுதுங்க. இண்டைக்கே.”

சோமசேகரம் தலையாட்டினார்.  றஹ்மான் எதிர்பார்த்திருந்த நேரம் அது. இரண்டு பெரிய மனிதர்கள் அவன் முன்னால் தலை குனிந்து நின்றார்கள். நெஞ்சு நிறைந்து வந்தது.

ஆமினா உம்மா அந்த இருவரையும் பார்க்கவில்லை. அறுபட்ட விளிம்பில் விரலை வைத்து, அந்த மெல்லிய இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

“நீ இஞ்சதானே வேலை செஞ்சனீ? இவர் இதை வெட்டேக்க நீ எங்க நிண்டனீ?”

லொறிக்குக் கீழே என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். றஹ்மான் கையில் சுற்றியிருந்த சாரத்து நுனியை அவிழ்த்தான்.

“கண்டனான் சாச்சி.”

“கண்டா?”

“இது உடையுமெண்டு தெரியும். இவர்ல இருந்த கோவத்தில ஒண்டும் சொல்லாமப் போயிட்டன். மலையில போய் நிக்குமெண்டுதான் நினைச்சன். உங்கட மகன் ஓட்டுவானெண்டு நினைக்கேல்ல.”

“ஆர் ஓட்டினாலும் ஒரு தாய்ட புள்ளைதான் ஓட்டும்,” என்றார் ஆமினா உம்மா. கதிரைக் கையைப் பிடித்து எழும்பினார். “உங்க மூணு பேருட கௌரவத்துக்கும் நடுவில என்ட புள்ளை சாகப் பாத்திருக்கான்.”

ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்து போனார். அவன் பின்னால் போனபோது, திரும்பிப் பாராமலே கையால் வேண்டாம் என்றார்.

அன்று பின்னேரமே சோமசேகரம் அறிக்கையை மாற்றி எழுதினார், அது உண்மை. பொலிஸிலும் சின்னராசா வாக்குமூலத்தைத் திருத்தினார். றஹ்மான் கராஜுக்குத் திரும்பிப் போகவில்லை. கிண்ணியாவில் தன் வீட்டு வளவில் நாலு தகரம் போட்டு, வைஸ் ஒன்றைப் பூட்டி, பம்பும் படகு எஞ்சினும் ட்ரக்டரும் திருத்தினான். கோபம் குறையவில்லை. முன்பு அதற்கு இரண்டு முகம்தான் இருந்தது, சின்னராசாவும் சோமசேகரமும். அவர்களை நினைத்தால் போதும், உடம்பு சுடும், வேலை ஓடும். இப்போது அவர்களை நினைக்கத் தொடங்கினால், நடுவில் மேற்கு வெயிலும் மினுங்குகிற இரும்பும், சவுக்காரம் போட்டுக் கழுவிய தன் கையும் வந்து நின்றன. பிள்ளைகளோடு எரிந்து விழுந்தான். அரத்தைச் சுவரில் எறிந்தான். ஜெஸீமா ஒரு நாள் அவன் முன்னால் வந்து நின்று, போய் அந்தக் கால் உடைஞ்ச மனிசனிட்ட நேரே கதையுங்க, வீட்டுப் பிள்ளைகள் உங்களுக்கு ஒண்டும் செய்யேல்ல என்றாள்.

முஹம்மது தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வீட்டு முன்னறையில் பாயில் கிடந்தான். இடது கால் மரக்கட்டை மாதிரி நீட்டியபடி. முழங்கால் இனி மடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். றஹ்மான் வாசலில் நின்று சலாம் சொன்னான். பதில் வந்தது. இரு என்ற சொல் வரவில்லை.

“கண்டும் சொல்லேல்லயாம்,” என்றான் முஹம்மது தம்பி.

“ஓம்.”

“கோவமாம்.”

“ஓம் தம்பி.”

“நீங்க கோவத்தில வேலைய விட்டுட்டு வரலாம் காக்கா. நான் இப்ப கோவிச்சு எங்க போற?” அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிட்டவன், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். “போங்க. உம்மா வரப்போறா.”

கொம்பனி அவனைத் தொடர்ந்து வைத்திருக்கவில்லை. கிளட்ச் மிதிக்க ஏலாத சாரதியை வைத்து என்ன செய்வது என்று சொல்லிவிட்டார்களாம். அடுத்த போகத்துக்கு உழவு தொடங்கியபோது, ஊரில் இரண்டு ட்ரக்டர் வைத்திருந்த ஸெய்னுதீன் முதலாளி, ஓட்டத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை, முஹம்மது தம்பிக்கு அந்தக் கால் மட்டும் இருந்தால் என்று றஹ்மானிடம் பேச்சுவாக்கில் சொன்னார். றஹ்மான் ட்ரக்டரை இரண்டு நாள் தன் வளவில் விடச் சொன்னான். கிளட்ச் மிதிக்கு மேலே ஒரு நீளக் கம்பியை இணைத்து, இருக்கைக்குப் பக்கத்தில் கைக்கு எட்டுகிறமாதிரி வளைத்து நிறுத்தினான். கம்பியை முன்னால் தள்ளினால் மிதி இறங்கும். முதலில் செய்தது கனமாக இருந்தது. வெட்டி எறிந்துவிட்டு வேறு செய்தான். தன்னுடைய இடது காலைச் சட்டத்தோடு கயிற்றால் கட்டிக்கொண்டு வளவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தான். ட்ரக்டர் முட்டி வேலியில் ஒரு பக்கம் போனது. ஜெஸீமா குசினிக் கதவில் நின்று பார்த்தாள்.

யார் செய்தது என்று சொல்ல வேண்டாம் என்று ஸெய்னுதீனிடம் கேட்டுக்கொண்டான். ஸெய்னுதீன் சொன்னாரோ இல்லையோ, முஹம்மது தம்பி அதைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான். காலை ஏழு மணிக்கு ஊன்றுகோலோடு ஸெய்னுதீனின் முற்றத்துக்கு வந்தவன், கம்பியின் வளைவைத் தடவிப் பார்த்தான், வேலிக்கு அப்பால் நின்ற றஹ்மானைக் கையால் கூப்பிட்டான்.

“எனக்கு மூணு புள்ளை இருக்கு,” என்றான். “அதாலதான் இதில ஏறுறன். வேற ஒண்டும் நினைக்க வேணாம்.”

றஹ்மான் சரி என்றான். ஊன்றுகோலை வாங்கி இருக்கைக்குப் பின்னால் செருகப் போனான். முஹம்மது தம்பி அதைக் கொடுக்கவில்லை. தானே செருகிக்கொண்டு, கையாலேயே உடம்பைத் தூக்கி ஏறி, நீட்டிய காலை ஒரு பக்கமாக வைத்தான். எஞ்சின் ஓடத் தொடங்கியது. கம்பியைத் தள்ளிக் கியர் போட்டபோது ட்ரக்டர் ஒரு தரம் குதித்தது, பிறகு நிதானமாக வெளிக்கிட்டு வயல் வீதியில் திரும்பியது. அடுத்த கியருக்கு மாறும்போது ஒரு கரகரப்புக் கேட்டது. கம்பிக்கு அரை அங்குலம் நீளம் போதாது. பின்னேரம் ட்ரக்டர் திரும்பி வந்ததும் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டு றஹ்மான் வளவுக்கு நடந்தான்.